பாலைவன வெயிலில் கார்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிக் காப்பது

பாலைவன ஊரில் முதன்முதலாகக் கார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "இது மணலில் ஓடுமா?" என்பதுதான். உண்மையில் அதைக் கடைசியில் கேட்டாலே போதும். அங்கே ஓடும் கார்களில் பெரும்பாலானவை தார்ச்சாலையை விட்டு இறங்குவதே இல்லை. நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடுகின்றன. மற்ற நேரமெல்லாம் எங்காவது திறந்தவெளியில் நிற்கின்றன. ஓடும்போது காருக்கு ரேடியேட்டர் துணை இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, எதிர்க்காற்றும் அடிக்கிறது. நிற்கும்போது எதுவுமே கிடையாது. ஆகவே பாலைவனத்துக்குக் கார் தேர்ந்தெடுக்கும்போது அது எப்படி ஓடும் என்று யோசிப்பதோடு, எங்கே எத்தனை மணி நேரம் நிற்கும் என்றும் யோசித்துவிட வேண்டும்.

மூன்று தனித்தனித் தொல்லைகள்

பொதுவாக எல்லாவற்றையும் சேர்த்து 'வெயில்' என்று சொல்லிவிடுகிறோம். காரைப் பொறுத்தவரை சூடு, சூரிய ஒளி, தூசி மூன்றும் மூன்று விதமாகக் கெடுக்கின்றன.

சூடு வேதிவினைகளை வேகப்படுத்துகிறது. பேட்டரி, ஆயில், பிரேக் ஆயில், ரப்பர் ஹோஸ், டயர் எல்லாம் இதனால் சீக்கிரம் முதுமை அடைகின்றன. கார் நிழலில் நின்றாலும் இது நடக்கும். சூரிய ஒளியின் வேலை வேறு. அதிலிருக்கும் புற ஊதாக் கதிர் பெயின்டையும், டேஷ்போர்டையும், ஹெட்லைட்டின் பிளாஸ்டிக்கையும் அரிக்கிறது. மீதி ஒளி உள்ளே புகுந்து சூடாக மாறுகிறது. இதற்கு நிழலே போதுமான மருந்து. தூசியோ ஃபில்டரை அடைக்கும், ரேடியேட்டர் இடுக்குகளில் உட்காரும், துடைக்கும்போது பெயின்டைக் கீறும்.

ஏன் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால், கடையில் விற்கிற ஒவ்வொரு பொருளும் இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் வேலை செய்யும். காரை மூடும் கவர் ஒளியைத் தடுக்கும். ஆனால் தூசி படிந்த கார்மேல் போட்டால் காற்றில் அது படபடக்கும்போதெல்லாம் பெயின்டை உப்புத்தாள் போலத் தேய்க்கும். கூரை போட்ட பார்க்கிங் பெயின்டைக் காப்பாற்றும். ஆனால் அங்கேயும் காற்று 45 டிகிரியில் இருந்தால் பேட்டரிக்குப் பெரிய ஆறுதல் கிடைக்காது.

எவ்வளவு சூடு என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ளலாம். வானிலை அறிக்கையில் வரும் எண், தரையிலிருந்து ஆள் உயரத்தில், நேரடி வெயில் படாத பெட்டிக்குள் அளந்த காற்றின் வெப்பம். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலையில் பதிவான கிட்டத்தட்ட 54 டிகிரியும் அப்படி அளந்ததுதான். உங்கள் கார் அந்தப் பெட்டிக்குள் நிற்கவில்லை. வெயிலில் காய்ந்த தாரின் மேல் நிற்கிறது. அந்தத் தார் காற்றைவிடப் பல டிகிரி அதிகம் கொதிக்கும்.

உள்ளே என்ன ஆகும்? அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியே 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில் கார்களை நிறுத்தி அளந்து, முடிவுகளை 2018-இல் வெளியிட்டார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்றதும் உள்ளிருக்கும் காற்று சராசரியாக 47 டிகிரி, சீட் 51, ஸ்டீயரிங் 53, டேஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்ற கார்களில் காற்று 38, டேஷ்போர்டு 48. அத்தனையும் வெள்ளி நிறக் கார்கள். கறுப்புக் காரில் அளந்திருந்தால் எண்கள் இன்னும் ஏறியிருக்கும்.

வாங்கும்போது: முதலில் ஏசி

மைலேஜ், டச்ஸ்கிரீன், அலாய் வீல் எல்லாம் அப்புறம். முதலில் ஏசியைப் பாருங்கள். டெஸ்ட் டிரைவை மாலை நேரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். கோடையில், நடுப்பகலில், வெயிலில் நின்ற வண்டியையே கேளுங்கள். ஷோரூமுக்குள் குளிரக் குளிர நின்ற கார் உங்களுக்கு எதையும் சொல்லாது. வண்டியை எடுத்ததும் எத்தனை நிமிடத்தில் உள்ளே உட்கார முடிகிறது என்று பாருங்கள். பிறகு எங்காவது ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் சும்மா இருங்கள்.

இந்தப் பத்து நிமிடம் முக்கியம். பெட்ரோல், டீசல் கார்களில் ஏசி கம்ப்ரசரைச் சுற்றுவது பொதுவாக எஞ்சின்தான். வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றும், கம்ப்ரசரும் மெதுவாகும், ஏசியின் சூட்டை வெளியே விடும் முன்பக்கக் கண்டென்சருக்கு எதிர்க்காற்றும் இருக்காது. வேகமாக ஓட்டும்போது ஐஸ்போலக் காற்று வந்துவிட்டு, சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பாக மாறினால், அந்த ஊரின் போக்குவரத்து நெரிசலில் தினமும் அதுதான் உங்கள் கதி. பழைய கார் என்றால் கண்டென்சர் ஃபேனோ, கேஸ் அளவோ சரியில்லாமலும் இருக்கலாம். பின்சீட்டில் ஆட்களோ குழந்தைகளோ வருவார்கள் என்றால், பின்னால் ஏசி வென்ட் இல்லாத காரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது கண்ணாடி. கூரை முழுதும் கண்ணாடியாக இருக்கும் கார்கள் இப்போது பார்வைக்கு நன்றாக இருக்கின்றன. பாலைவனத்தில் அது தலைக்குமேல் வைத்த அடுப்பு. பிடிவாதமாக வேண்டும் என்றால், வெப்பத்தைத் தடுக்கும் பூச்சு அந்தக் கண்ணாடியில் இருக்கிறதா, கனமான திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிய வலைத்துணித் திரை ஒளியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான்.

நிறத்தைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கருத்து இருக்கும். அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் ஒரே மாடலில் ஒரு கறுப்புக் காரையும் ஒரு வெள்ளி நிறக் காரையும் வெயிலில் நிறுத்தி அளந்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, கறுப்புக் காரின் கூரை 25 டிகிரி வரை அதிகச் சூடாக இருந்தது. உள்ளிருந்த காற்றின் வித்தியாசமோ 5, 6 டிகிரி. அதாவது நிறத்தால் பயன் உண்டு, ஆனால் கூரையைத் தொட்டுப் பார்த்து நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஏனென்றால் உள்ளே வரும் சூட்டில் பெரும்பங்கு கண்ணாடி வழியாக வருகிறது. கண்ணாடிக்கு எல்லாக் காரிலும் நிறம் ஒன்றுதான். வெள்ளை, வெள்ளி, மணல் நிறம் மூன்றில் எது பிடிக்கிறதோ அதை எடுங்கள். தூசி தெரியாது என்பதில் மணல் நிறத்துக்கு ஒரு கூடுதல் மதிப்பெண். சீட்டில் வெளிர் நிறத் துணியே சுகம். லெதர்தான் வேண்டும் என்றால், காற்று வரும் சீட்டாகப் பாருங்கள்.

பல கார் நிறுவனங்கள் ஒரே மாடலை வெவ்வேறு தட்பவெப்பத்துக்கு வெவ்வேறு பாகங்களோடு செய்கின்றன. சூடான சந்தைகளுக்கு அனுப்பும் வண்டிகளில் பெரிய ரேடியேட்டர், வலுவான ஃபேன், அதிகத் திறனுள்ள ஏசி, தூசிக்கேற்ற ஃபில்டர் என்று சில மாற்றங்கள் இருக்கும். வளைகுடா நாடுகளில் இதை 'ஜிசிசி ஸ்பெக்' (வளைகுடா ஒத்துழைப்பு நாடுகளுக்கான வடிவம்) என்பார்கள். குளிர் நாட்டிலிருந்து இறக்குமதியான பழைய கார் அதே பெயர், அதே உருவத்தில், விலையும் குறைவாக இருக்கும். முதல் கோடையில்தான் வேறுபாடு தெரியும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த வண்டி எந்தச் சந்தைக்காகத் தயாரானது என்று கம்பெனி டீலரிடம் கேட்டுவிடுவது நல்லது.

எஞ்சின் விஷயத்தில் ஒரு கணக்கு. 20 டிகிரியில் இருப்பதைவிட 50 டிகிரியில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைவு. எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜனும் அந்த அளவு குறையும், இழுவையும் குறையும். கூடவே ஏசியும் எஞ்சினிடமிருந்து கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். மிகச் சிறிய எஞ்சினில் இது நன்றாகவே தெரியும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ இந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் டர்போ தானே ஒரு சூட்டடுப்பு, ஆயிலைச் சீக்கிரம் தீய்க்கும். ஆயிலை நேரத்துக்கு மாற்றுகிறவர்களுக்கு டர்போவில் பயமில்லை. சர்வீஸைத் தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு டர்போ இல்லாத எளிய எஞ்சின்தான் நல்லது.

நான்கு சக்கர இழுவை? மணல்மேட்டுக்கு நிஜமாகவே போகிறவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு அது கூடுதல் எடை, கூடுதல் செலவு.

எலக்ட்ரிக் கார் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஒன்றை மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும்: பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு இருக்கிறதா? லித்தியம் பேட்டரி சூட்டில் நிரந்தரமாகத் திறனை இழக்கும். 2012 வாக்கில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் முதல் தலைமுறை நிசான் லீஃப் வைத்திருந்தவர்கள், பேட்டரி எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்கிறது என்று புகார் சொன்னார்கள். அந்தக் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. பிறகு அந்நிறுவனம் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும் பேட்டரியைக் கொண்டுவந்தது. இன்று வரும் பெரும்பாலான எலக்ட்ரிக் கார்களில் திரவக் குளிர்விப்பு உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

வைத்துக்கொள்ளும் முறையும் எளிதுதான். நிறைந்த சார்ஜும் கடும் சூடும் சேர்ந்தால் பேட்டரிக்கு ஆகாது. 100 சதவீதம் ஏற்றி, வெயிலில் நாள் முழுக்க நிறுத்தாதீர்கள். நெடும்பயணம் இல்லாத நாட்களில் 80-க்குள் வைத்தால் போதும். சில வகை பேட்டரிகளுக்கு அவ்வப்போது முழு சார்ஜ் ஏற்றச் சொல்வார்கள், கையேட்டைப் பாருங்கள். வாய்ப்பிருந்தால் பிளக்கிலேயே விட்டுவையுங்கள். அப்போது பேட்டரியைக் குளிர்விக்கவும், கிளம்புவதற்கு முன் உள்ளே குளிரூட்டவும் சுவர் மின்சாரமே போதும். ஓடும் தூரம் குறையாது. கடும் சூட்டில் வேகச் சார்ஜர் மெதுவாக ஏறினால் பதற வேண்டாம், பேட்டரியைக் காப்பாற்ற காரே அப்படிச் செய்கிறது.

எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் பலர் மறப்பது, அதற்குள்ளும் பெரும்பாலும் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது என்பதை. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் விழிக்காது.

பேட்டரி

வழக்கமான கார் பேட்டரியைக் கொல்வது குளிர் என்று பலர் நம்புகிறார்கள். குளிர்காலக் காலையில் வண்டி கிளம்பாததைப் பார்த்து வந்த எண்ணம் அது. உண்மையில் சேதம் கோடையிலேயே முடிந்திருக்கும். பேட்டரியின் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்களின் பொதுக் கணக்கு. உள்ளே தட்டுகள் அரிக்கும், நீர் ஆவியாகும். மிதமான ஊரில் நான்கைந்து வருடம் வரும் பேட்டரி பாலைவனத்தில் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுவது சாதாரணம். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடை அலமாரியில் ஒரு கோடையைக் கழித்த பேட்டரி ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டது. இரண்டாம் வருடம் முடிந்ததும், கோடை தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை சோதித்துவிடுங்கள். எஞ்சின் பகுதியில் பேட்டரியைச் சுற்றி ஒரு உறையோ தடுப்போ இருந்தால், மெக்கானிக் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது எஞ்சின் சூட்டிலிருந்து பேட்டரியைக் காக்க வைத்தது.

கூலன்ட்

'குளிரே இல்லாத ஊரில் உறைதடுப்புத் திரவம் எதற்கு, தண்ணீர் ஊற்றினால் போதும்' என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சூட்டைக் கடத்துவதில் தண்ணீர் கெட்டிக்காரன்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும், உள்ளே துருப்பிடிக்க வைக்கும். உறைதடுப்புத் திரவமும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட்டும், ஏறக்குறைய 1 பார் அழுத்தம் பிடித்துவைக்கும் ரேடியேட்டர் மூடியும் சேர்ந்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். இந்த இடைவெளிதான் நெரிசலிலும் ஏற்றத்திலும் உங்களைக் காப்பாற்றுவது. அதனால்தான் ரப்பர் தேய்ந்துபோன ஒரு மூடிகூட எஞ்சினைக் கொதிக்க வைத்துவிடும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் தவறில்லை. ஊருக்குள் வந்ததும் சரியான கலவையை ஊற்றிவிடுங்கள். நிறம் பார்த்துக் கூலன்ட் வாங்க வேண்டாம், நிறத்துக்குப் பொது விதி எதுவும் இல்லை. கையேட்டில் சொன்ன வகையையே வாங்குங்கள்.

டயர்

பாலைவன நெடுஞ்சாலையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் எஞ்சின் கோளாறு இல்லை, வேகத்தில் வெடிக்கும் டயர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டயர் உருளும்போது அதன் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கமே சூட்டை உண்டாக்குகிறது. காற்று குறைவாக இருந்தால் மடக்கம் அதிகம், சூடு அதிகம். அதோடு கொதிக்கும் தார், நிறைந்த பாரம், அதிக வேகம் சேர்ந்தால், ரப்பரும் உள்ளிருக்கும் எஃகு வலையும் பிரிய ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு சத்தம், அவ்வளவுதான். இங்கேதான் பெரும்பாலோர் நேர்மாறாகச் செய்கிறார்கள்: 'சூட்டில் காற்று விரியும், வெடித்துவிடும்' என்று பயந்து கோடையில் காற்றைக் குறைத்து வைக்கிறார்கள். வெடிப்பை அவர்களே கூப்பிடுகிறார்கள்.

காற்று விரிவது உண்மை. ஏறக்குறைய ஒவ்வொரு 5.5 டிகிரிக்கும் 1 பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடும். ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் அட்டவணை இதையெல்லாம் கணக்கில் எடுத்துச் சொன்ன அளவு. அதைக் காலையில், வண்டி ஓடாமல் நின்றபின், வெயில் ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டும். காலையில் 33 இருந்தது நெடுஞ்சாலையில் 38 காட்டினால் அது இயல்பு, இறக்கிவிடாதீர்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தம் என்பது வேறு, அதை நிரப்ப வேண்டிய அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நைட்ரஜன் அடைத்தால் சூடே ஆகாது என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒருமுறை, முடிந்தால் இருமுறை அழுத்தம் பார்க்கும் பழக்கம் அதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் இரண்டு விஷயங்களைப் படிக்கலாம். ஒன்று, தயாரிப்பு நாள்: நான்கு இலக்கங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம். இன்னொன்று, பல டயர்களில் 'டெம்பரேச்சர்' என்ற சொல்லோடு வரும் ஏ, பி, சி என்ற தரம். பாலைவனத்துக்கு ஏ. பள்ளம் தேயாமல் புதிதுபோலத் தெரிந்தாலும், ஐந்து வருடம் வெயிலில் நின்ற டயரை நான் நெடுஞ்சாலைக்கு நம்ப மாட்டேன். ஓட்டமே இல்லாத கார்களில் இந்த ஏமாற்று நிறைய நடக்கும். ஸ்டெப்னிக்கும் வயது உண்டு. வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி என்றால் அதைக் குனிந்து பார்த்தே பல வருடம் ஆகியிருக்கும்.

மணலில் இறங்குகிறவர்கள் காற்றை 15, 18 பிஎஸ்ஐ வரை இறக்குவார்கள், டயர் அகலமாகப் படிந்து புதையாமல் இருக்க. சாலைக்குத் திரும்பியதும் நிரப்பாமல் வேகமெடுத்தால் மேலே சொன்ன அதே கதை.

ஃபில்டரும் ஆயிலும்

பாலைவனத் தூசியில் நிறைய இருப்பது குவார்ட்ஸ். கடினத்தன்மை அளவுகோலில் 7, கண்ணாடியைவிடக் கடினம். எஞ்சினுக்குள் போனால் சிலிண்டர் சுவரை உரசித் தின்னும். ஆகவே ஏர் ஃபில்டரில் சிக்கனம் வேண்டாம். அதற்காகத் தினமும் கழற்றித் தட்டுவதும் தப்பு. அழுத்தக் காற்றால் ஊதினால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், கழற்றி மாட்டும்போது ஓரத்தில் இடைவெளி விட்டுப்போகும். மணற்புயலுக்குப் பின் ஒருமுறை திறந்து பாருங்கள், அழுக்கென்றால் புதிது போடுங்கள். ஏசிக்கான கேபின் ஃபில்டர் அடைத்தால் காற்று மெதுவாக வரும். கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்து வீணாகச் செலவு செய்பவர்கள் உண்டு.

சர்வீஸ் கையேட்டில் இரண்டு அட்டவணை இருக்கும்: சாதாரணப் பயன்பாடு, கடுமையான பயன்பாடு. தூசியும் கடும் சூடும் இரண்டாவதில் வருகின்றன. அதன்படி ஆயில் மாற்றும் இடைவெளி பெரும்பாலும் கணிசமாகக் குறையும். விளம்பரத்தில் சொல்லும் கிலோமீட்டர் முதல் அட்டவணைக்கானது. ஆயிலின் தடிமனை நீங்களாகக் கூட்ட வேண்டாம், உங்கள் வெப்பநிலைக்கு எது என்று கையேடே சொல்லும்.

நிறுத்தி வைக்கும்போது

நிழல் கிடைத்தால் பத்து நிமிடம் நடந்தாலும் பரவாயில்லை. கிடைக்காவிட்டால் முன்கண்ணாடி சூரியனுக்கு முதுகு காட்டும்படி நிறுத்துங்கள். காலையில் இருந்து மாலை வரை நிற்பதென்றால் மதியத்துக்குப் பின் வெயில் எங்கிருந்து வரும் என்று பார்த்து. முன்கண்ணாடிக்கு உள்ளே விரிக்கும் பளபளப்பான சன்ஷேட் விலை குறைந்த பொருள்களிலேயே அதிகம் பயன் தருவது; டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் தொடக்கூடிய நிலையில் இருக்கும்.

கண்ணாடி ஃபில்மைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது: கறுப்பாக இருந்தால் குளிர்ச்சி. சூரிய ஆற்றலில் பாதியளவு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆகவே வெளிர் நிறச் செராமிக் ஃபில்ம் ஒன்று, மலிவான கருநிற ஃபில்மைவிட அதிகச் சூட்டைத் தடுக்கக்கூடும். கடையில் கேட்க வேண்டியது இருட்டின் சதவீதத்தை மட்டுமல்ல; மொத்தச் சூரிய ஆற்றலில் எவ்வளவைத் தடுக்கும் என்ற எண்ணையும் கேளுங்கள். உலோகப் பூச்சுள்ள ஃபில்ம்கள் செல்போன், ஜிபிஎஸ் சிக்னலைக் குறைக்கலாம். எவ்வளவு இருட்டு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும், ஒட்டும் முன் விசாரியுங்கள்.

கண்ணாடியை விரலளவு இறக்கிவைத்தால் உள்ளே சூடாகாது என்பது உதவாத நம்பிக்கை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடியைச் சற்று இறக்கிவைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை; ஒரு மணி நேரத்தில் ஏறும் சூட்டில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. வெளியே 22 டிகிரி மட்டும் இருந்த நாளிலும் உள்ளே 47 வரை போனது. குழந்தையின் உடல் பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். 'ரெண்டே நிமிஷம், ஏசி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது' என்று எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை, முதியவரை, செல்லப்பிராணியை உள்ளே விட்டுப் போகாதீர்கள். லைட்டர், ஸ்பிரே டப்பா, பவர் பேங்க், மருந்து ஆகியவையும் காரில் தங்கக் கூடாது.

திரும்பி வந்து கிளம்பும்போது நேராக ஏசியைச் சுழற்சி முறையில் போட்டால் அந்த 50 டிகிரிக் காற்றையே குளிரவைக்க அது திணறும். எல்லாக் கதவையும் திறந்து காற்றை வெளியே விடுங்கள். முதல் ஓரிரு நிமிடம் கண்ணாடியை இறக்கி, வெளிக்காற்று முறையில் ஓட்டுங்கள். உள்ளே வெளியைவிடக் குளிர்ந்ததும் கண்ணாடியை ஏற்றிச் சுழற்சிக்கு மாற்றுங்கள்.

கோடைதோறும் செல்போனில் ஒரு செய்தி சுற்றும்: டேங்கை நிரப்பாதீர்கள், சூட்டில் வெடிக்கும் என்று. டேங்கில் விரிவதற்கான இடத்தை விட்டே வடிவமைக்கிறார்கள். பம்ப் தானாக நின்றபிறகும் திணித்து ஊற்றுவதுதான் தப்பு; எரிபொருள் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோல் போய் அது கெடும்.

தூசியும் கழுவுதலும்

தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பதுதான் பெயின்ட்டுக்கு நாம் செய்யும் மிகப் பெரிய கொடுமை. முதலில் தண்ணீரை ஓடவிட்டுத் தூசியை இறக்கிய பிறகே துணி தொட வேண்டும். கொதிக்கும் தகட்டில் கழுவினால் சோப்பும் உப்பும் உடனே காய்ந்து கறையாகும். அதிகாலையோ இரவோ கழுவலாம். முன்கண்ணாடியில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால், வெயிலில் கொதிக்கும்போது அதன்மேல் குளிர்ந்த நீரை அடிக்காதீர்கள், கீறல் ஓடிவிடும். வைப்பரை இயக்கும் முன் தண்ணீர் தெளிப்பது, ஆண்டுக்கு இருமுறை மெழுகுப் பூச்சு, அவ்வளவு போதும். கடலை ஒட்டிய பாலைவனம் என்றால் மட்டும் ஒரு கூடுதல் வேலை: அங்கே விடியற்காலைப் பனி, உப்புத் தூசியோடு சேர்ந்து அடிப்பாகத்தைத் துருப்பிடிக்க வைக்கும். கழுவும்போது வண்டியின் அடியையும் கழுவுங்கள். ரேடியேட்டர், கண்டென்சர் இடுக்கில் சேரும் மண்ணை மென்மையான நீரால், பின்புறமிருந்து முன்புறமாகத் தள்ள வேண்டும். வேக நீர் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

வழியில் சிக்கல் வந்தால்

வெப்ப முள் வழக்கத்தைவிட ஏறுவதைப் பார்த்தால், முதலில் ஏசியை அணையுங்கள். கலிபோர்னியாவின் டெத் வேலிப் பக்கம் நெடிய ஏற்றங்களில் ஏசியை அணைக்கச் சொல்லிப் பலகையே வைத்திருக்கிறார்கள். இன்னும் ஏறினால் ஹீட்டரை உச்சத்தில் போட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். நமக்கு நரகம்தான், ஆனால் எஞ்சின் சூட்டில் ஒரு பகுதி உள்ளே வந்துவிடும். சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது தொடவே கூடாது. அழுத்தத்தில் பீறிடும் கூலன்ட் முகத்தைப் பொசுக்கும். குறைந்தது அரை மணி நேரம், மேல் ஹோஸைத் தொட முடிகிற அளவுக்கு ஆறியபிறகுதான் திறந்து பார்க்கலாம்.

மணற்புயல் எதிரே சுவராக வந்தால், அரிசோனா மாநிலப் போக்குவரத்துத் துறை சொல்லும் வழிமுறை நினைவில் இருக்கட்டும்: சாலையை விட்டு முடிந்தவரை தள்ளி நிறுத்துங்கள், எல்லா விளக்கையும் அணையுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு பிரேக் மிதியிலிருந்து காலை எடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நினைத்து நேராக உங்கள்மீது வந்து மோதுவார்.

ஊருக்கு வெளியே போகும்போது ஆளுக்குச் சில லிட்டர் குடிநீர், காற்றடிக்கும் சிறு கம்ப்ரசர், அழுத்தமானி, மண்வெட்டி, ஒரு வெளிர் நிறத் துணி இவை பின்னால் இருக்கட்டும். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடந்து போகாதீர்கள். தேடுபவர்களுக்கு மனிதரைவிடக் கார் சுலபமாகக் கண்ணில் படும். நண்பகலில் காருக்குள் உட்கார வேண்டாம். துணியைக் கதவிலிருந்து கட்டி, வண்டி தரும் நிழலில் உட்காருங்கள்.